கேமராவுக்கு ஆசிரியர் தயாரா?

அன்புள்ள மருமகளுக்கு,

எம்.எட். ஆய்வுக்காக நீ தயாரித்த வினாத்தாளைப் படித்தேன். மல்லாங்கிணறு வட்டார ஆசிரியர்கள் வகுப்பறையில் வீடியோ கேமரா பயன்படுத்த எந்த அளவுக்குத் தயார் என்று அளக்கப்போகிறாய். நல்ல தலைப்புதான். ஆனால் கேள்விகளில் பாதி, கருவியை இயக்கத் தெரியுமா என்பதையே சுற்றி வருகிறது. அந்தப் பேச்சு 2020-லேயே முடிந்துவிட்டது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பலர் கல்வித் தொலைக்காட்சிக்குப் பாடம் நடத்தினார்கள். வீட்டுச் சுவரில் சார்ட் ஒட்டி, செல்லில் படம்பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்களும் உண்டு.

அந்தப் படங்களில் பிள்ளைகள் இல்லை என்பதைக் கவனி. உன் ஆய்வின் விஷயம் வேறு. பிள்ளைகள் சலசலக்கும் வகுப்பைப் பதிவுசெய்து, ஆசிரியர் தானே உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும். முன்னதில் கெட்டிக்காரர் பின்னதற்குக் கூசலாம்.

நீ பி.எட்.டில் செய்த நுண்ணிலைக் கற்பித்தல் 1963-ல் ஸ்டான்ஃபோர்டில் உருவானது. ஒரே ஒரு திறன், சில நிமிடப் பாடம், பிறகு பதிவைப் பார்த்துத் திருத்தி மறுபடி நடத்துவது. நம் ஊர்ப்பக்கம் வருவதற்குள் கேமரா பெரும்பாலும் வழியிலேயே இறங்கிக்கொண்டது. தோழிகள் மாணவர்களாக நடிக்க, ரெக்கார்டு நோட்டு மிஞ்சியது. தான் பாடம் நடத்துவதை ஒருமுறைகூடப் பார்க்காமல் ஓய்வுபெறுகிறவர்கள் ஏராளம்.

ஆகவே 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்ற டிக்கை நம்பாதே. தலைமையாசிரியர் கைவழியாக வரும் தாளில் யார்தான் மாட்டேன் என்பார்கள்? அதற்குப் பதிலாக ஒரு சின்ன வேலை கொடு. பத்து நிமிடம் பதிவு, போதும். செல்லை ஜன்னலுக்கு எதிரே வைத்தால் பிள்ளைகளின் முகம் கருத்துவிடும். ஜன்னல் பக்கமிருந்து உள்நோக்கி வைக்கச் சொல். மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் இரைச்சல்தான் பதியும். பிறகு ஆசிரியரையே பார்க்கவிட்டு, ஒரு கேள்வி கேட்டு எத்தனை விநாடி காத்திருந்தார் என்று எண்ணச் சொல். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் இதை அளந்தார். சராசரி காத்திருப்பு ஒரு விநாடி அளவுக்குத்தான் இருந்தது. மூன்று விநாடிக்கு நீட்டியபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். எண்ணி முடித்ததும் அந்த ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று கேள். "பையன்கள் அன்றைக்குச் சரியில்லை" என்றால் ஒரு நிலை. "நானே பதிலைச் சொல்லிவிட்டேனே" என்றால் இன்னொரு நிலை. உனக்கு வேண்டிய அளவுகோல் அங்கேதான் இருக்கிறது.

உன் தாளில் இல்லாத ஒரு கேள்வி: பதிவை யார் பார்ப்பார்கள்? தில்லி அரசுப் பள்ளி வகுப்பறைகளில் 2019-ல் சிசிடிவி பொருத்தத் தொடங்கியதும் பெரிய சர்ச்சை எழுந்தது. கேமரா என்றதும் நம் ஆசிரியர்களுக்கும் கண்காணிப்பு என்ற நினைப்புதான் வரும். படம் தன் கையிலேயே இருக்கும் என்றால் ஒப்புக்கொள்கிறவர், அதிகாரிக்குப் போகும் என்றால் பின்வாங்குவார். அதைத் தயாரின்மை என்று எழுதிவிடாதே. அது நியாயமான எச்சரிக்கை. இரண்டு நிலைமைக்கும் தனித்தனியாகக் கேட்டுப் பார், விடை மாறும்.

பெற்றோர் பக்கமும் உண்டு. சிவகாசி வட்டாரப் பிள்ளைகளைத் தேடி வெளியூர்க் கேமராக்கள் வந்துபோன காலம் ஒன்று இருந்தது. 1990-ல் வந்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் குழந்தைத் தொழிலாளர் கொடுமையை உலகறியச் செய்தது, அதன் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனாலும் நம் மாவட்டத்தில் பிள்ளையைப் படமெடுக்கிறார்கள் என்றால் தாய் சந்தேகப்படுவது இயல்பு. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்கு உட்பட்டோருக்குப் பெற்றோர் ஒப்புதலை வலியுறுத்துகிறது. பட்டாசு ஆலை வேனில் காலையிலேயே கிளம்பிவிடும் தாயைப் பள்ளிக்கு வரச்சொல்லிக் கையெழுத்து வாங்க முடியாது. அந்தி சாய்ந்த பிறகு வீட்டுக்குப் போய் விளக்கிச் சொல்ல ஆசிரியர் தயாரா? அதையும் தாளில் சேர்.

வினாத்தாளைத் திருத்தியதும், ஆசிரியர்களிடம் கொண்டுபோகும் முன் உன் பயிற்சி வகுப்பையே பத்து நிமிடம் பதிவுசெய்து பார். பார்த்ததை மறைக்காமல் எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா