அரிப்புக்கும் செதிலுக்கும் அக்கா சொல்வது

"இது முழுசா போயிடுமா அக்கா?" என்றுதான் எல்லாத் தங்கச்சிகளும் முதலில் கேட்கிறார்கள். நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். சொரியாசிஸை வேரோடு எடுத்துவிடும் மருந்து இன்றுவரை எந்த மருத்துவத்திலும் இல்லை. எக்ஸிமா பல குழந்தைகளுக்கு வளர வளர அடங்கிவிடும். சிலருக்குக் கூடவே வரும். ஆனால் இரண்டையுமே மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் அடக்கி வைக்கலாம். எனக்கு முழங்கையிலும் தலையிலும் சொரியாசிஸ், என் மகனுக்குக் கைக்குழந்தையிலிருந்தே எக்ஸிமா. இரண்டோடும் தினமும் இருக்கிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: "தொண்ணூறு நாளில் நிரந்தர குணம்" என்று பலகை வைத்திருப்பவரிடம் போகாதே. அந்தப் பணத்தில் ஒரு வருஷத்துக்கு வேண்டிய களிம்பு வாங்கலாம்.

முதலில் உனக்கு இருப்பது எது என்று தோல் மருத்துவரிடம் காட்டித் தெரிந்துகொள். எக்ஸிமாவில் தோலின் மேல் அடுக்கு பலவீனமாக இருக்கும். பலருக்கு ஃபிலாக்ரின் என்ற புரதம் பிறவியிலேயே குறைவு. சாந்து உதிர்ந்த செங்கல் சுவர் மாதிரி, உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியே இருக்கும் தூசியும் சோப்பும் உள்ளே போகும். சொரியாசிஸ் வேறு. அங்கே உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலை அவசரப்படுத்துகிறது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டிய தோல், 3 முதல் 5 நாளில் புதுப்பித்துக்கொள்வதால் வெள்ளிச் செதிலாக அடுக்கடுக்காகக் குவிகிறது. இந்த இரண்டும் இல்லாமல் வெறும் படர்தாமரையாகவும் இருக்கலாம். அதற்கான மருந்து முற்றிலும் வேறு என்பதால்தான் பக்கத்து வீட்டு அக்காவின் டியூப்பை வாங்கித் தடவாதே என்கிறேன்.

இனி குளியல். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால் அரிப்புக்கு அந்த நிமிஷம் சுகமாக இருக்கும், அரை மணி நேரத்தில் இரண்டு மடங்காகத் திரும்பும். வெதுவெதுப்பான தண்ணீர், 5 முதல் 10 நிமிஷம், அது போதும். சாதாரண சோப்பு காரத்தன்மை கொண்டது. தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது. அதனால் வாசனைச் சோப்பை விட்டுவிட்டு, வாசனை இல்லாத, சோப்பில்லாத கிளென்சர் எதையாவது டாக்டரிடம் கேட்டு வாங்கு. அதையும் அக்குள், தொடையிடுக்கு, பாதம் என்று தேவையான இடங்களுக்கு மட்டும் போடு. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் சோப்பு சரியாக அலசிப் போகாமல் தோலிலேயே தங்கும். அங்கே இது இன்னும் முக்கியம். குளிக்கும் தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றுவது, பீர்க்கங்காய் நாரால் செதிலைத் தேய்த்து எடுப்பது, எலுமிச்சம்பழம் பிழிந்து தடவுவது, மூன்றையும் இன்றோடு நிறுத்து. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட வேண்டாம். எண்ணெயைப் போக்கத் தேய்க்கும் சீயக்காய் மட்டும் படைகளின் மேல் படாமல் பார்த்துக்கொள்.

குளித்து முடித்ததும் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடு. தோல் இன்னும் ஈரப்பதமாக இருக்கும்போதே, மூன்று நிமிஷத்துக்குள், ஈரப்பசைக் களிம்பைப் பூசிவிடு. இந்த வேலையை யாரும் மருந்தாக மதிப்பதில்லை, ஆனால் எக்ஸிமாவில் பாதி வைத்தியம் இதுதான். எவ்வளவு பூச வேண்டும் தெரியுமா? உடம்பு முழுக்க எக்ஸிமா உள்ள பெரியவருக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம், குழந்தைக்கு அதில் பாதி. நம் வீடுகளில் 50 கிராம் டப்பாவை இரண்டு மாதம் வைத்துக்கொண்டு "ஒண்ணும் கேக்கல" என்கிறோம். விலை உயர்ந்தது வேண்டாம். வாசனை சேர்க்காத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியும், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் களிம்பும் போதும். சுத்தமான தேங்காய் எண்ணெயும் நல்லதுதான். பிலிப்பைன்ஸில் எக்ஸிமா குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் வெர்ஜின் தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலைவிட நன்றாக வேலை செய்திருக்கிறது. ஆனால் ஆலிவ் எண்ணெய் வேண்டாம், அது தோலின் காப்பைக் குறைக்கிறது. டப்பாவுக்குள் விரலை விடாமல் ஸ்பூனால் எடு. முடி வளரும் திசையில், மேலிருந்து கீழாகப் பூசு. எதிர்த் திசையில் தேய்த்தால் மயிர்க்கால்களில் கொப்புளம் வரும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து மறக்காதே. பாரஃபின், ஜெல்லி, எண்ணெய் ஊறிய துணி மிகச் சீக்கிரம் தீப்பற்றும். துவைத்தாலும் முழுதாகப் போகாது. கை நிறையப் பூசிக்கொண்டு அதே நைட்டியோடு கேஸ் அடுப்பு முன்னால் நிற்காதே. விளக்கு ஏற்றும்போது துப்பட்டாவைச் செருகிக்கொள். களிம்புக்கென்று பழைய பருத்தி உடுப்பு இரண்டு தனியாக வைத்திரு.

அடுத்தது ஸ்டீராய்டு களிம்பு. இதில் இரண்டு கூட்டம் இருக்கிறது. ஒரு கூட்டம் பெயரைக் கேட்டாலே பயந்து மருந்தைத் தொடாது. இன்னொரு கூட்டம் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி முகத்துக்குச் சிவப்பழகு கிரீம் மாதிரிப் பூசும். இரண்டுமே கெடுதல், இரண்டாவது பெரிய கெடுதல். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் கலந்த கிரீம்கள் நம் ஊரில் சர்வசாதாரணமாக விற்கின்றன. படர்தாமரைக்கு அதைப் பூசினால் முதலில் அரிப்பு நிற்கும், பிறகு உருமாறி உடம்பெல்லாம் படரும். முகத்தில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, முடி முளைத்து, வெயில் பட்டாலே எரியும். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது இதனால்தான். சட்டம் இருந்தும் கடையில் கேட்டால் கிடைக்கிறது. நாம்தான் கேட்காமல் இருக்க வேண்டும்.

டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் பயமில்லாமல் பூசு, அளவோடு பூசு. அளவுக்கு அழகான வழி ஒன்று உண்டு. உன் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை டியூப்பிலிருந்து ஒரு கோடு பிதுக்கினால் அது ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை பரப்புக்கு அது போதும். மணிக்கட்டு வரை ஒரு கைக்கு மூன்று கோடு, கணுக்கால் வரை ஒரு காலுக்கு ஆறு. ஈரப்பசைக் களிம்புக்கும் இதற்கும் அரை மணி இடைவெளி விடு. குளோபிட்டசால் மாதிரி வீரியமான மருந்தை 2 வாரத்துக்கு மேல் தொடர்ந்து பூசக் கூடாது, வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, முகத்துக்கும் தொடையிடுக்குக்கும் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. அந்த மென்மையான இடங்களுக்கு டாக்ரோலிமஸ் களிம்பு தருவார்கள். முதல் சில நாள் எரியும், பிறகு பழகிவிடும், அதற்காக நிறுத்திவிடாதே. எக்ஸிமா அடங்கிய பிறகும் அடிக்கடி கிளம்பும் இடங்களில் வாரம் இரண்டு நாள் பூசச் சொல்வது உண்டு, "சரியாயிடுச்சே, எதுக்கு?" என்று விட்டுவிடாதே.

சொரியாசிஸுக்கு ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ போட்டு "பளிச்சென்று" ஆக்குகிறவரிடம் மட்டும் கவனமாக இரு. அதை நிறுத்தியதும் நோய் பல மடங்காகக் கிளம்பும். சீழ்க் கொப்புளங்களாக, உடம்பு முழுக்கச் சிவந்து உரிகிற நிலைமையாகக்கூட மாறும், அது உயிருக்கே ஆபத்து. பெயர் ஒட்டாத பொடி, லேகியம், உருண்டைகளிலும் இதே ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அதற்காக நம் மருத்துவத்தையே நான் ஒதுக்கவில்லை. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து வெயிலில் வைத்து எடுக்கும் எண்ணெய், சித்த மருத்துவ ஆராய்ச்சியில் 777 எண்ணெய் என்ற பெயரோடு காளாஞ்சகப் படைக்கு, அதாவது சொரியாசிஸுக்கு, வந்தது. விருப்பம் இருந்தால் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் மாதிரி அரசு இடங்களுக்குப் போ, பதிவு பெற்ற சித்த மருத்துவரைப் பார். எந்தப் பக்கம் என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று இரண்டு டாக்டருக்கும் சொல்.

சொரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எழுதியிருந்தால் இந்தப் பத்தியை இரண்டு தடவை படி. அது வாரத்தில் ஒரே நாள் சாப்பிடும் மருந்து. தினமும் சாப்பிட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிரே போகலாம். ஒரு கிழமையை முடிவு செய்து, தினசரி காலண்டரில் அந்தத் தாள்களில் வட்டம் போட்டு வை. வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வை. கூட ஃபோலிக் அமிலம், ஒழுங்காக ரத்தப் பரிசோதனை, மது அறவே இல்லை. கர்ப்பம் தரிக்க நினைக்கிறாய் என்றால் மாதங்களுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி நிறுத்த வேண்டும். அசிட்ரெடின் என்ற மருந்து இன்னும் கடுமை: நிறுத்திய பிறகும் மூன்று வருஷம் கர்ப்பம் கூடாது. யுவிபி வகை ஒளி சிகிச்சையில் இந்தக் கவலை இல்லை, கர்ப்பிணிக்கும் தரலாம். ஆனால் வாரம் இரண்டு மூன்று நாள் என்று சில மாதம் போய்வர வேண்டும். செக்குகினுமாப் போன்ற புதிய ஊசிகள் நன்றாகக் கேட்கின்றன, விலைதான் அதிகம். போடுவதற்கு முன்னால் காசநோய் இருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள்.

பாவாடை நாடா. ஆமாம், அதைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு உராய்வோ காயமோ படும் இடத்திலெல்லாம் புதுப் படை கிளம்பும். ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிச் கோப்னர் 1870-களிலேயே இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார். இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டும் நாடா ஒரு கோடு போட்டுவிடும். நாடாவை எடுத்துவிட்டு அகலமான எலாஸ்டிக் பட்டை தைத்துக்கொள். டாட்டூ வேண்டாம். மொட்டை போடும் வேண்டுதல் இருந்தால் தலையில் நோய் அடங்கியிருக்கும் சமயமாகப் பார். தலையில் கெட்டிச் செதில் இருந்தால் சீப்பால் பெயர்க்காதே. சாலிசிலிக் அமிலம் கலந்த மருந்தை இரவில் பூசி ஊறவிட்டு, காலையில் தார் ஷாம்பூ போட்டு சில நிமிஷம் விட்டு அலசு.

சமையலறையில் நிற்பவர்களின் கைகளுக்கு வேறு பாடு. பாத்திர சோப்பும் நாரும்தான் முதல் எதிரி. வெறும் ரப்பர் கையுறைக்குள் வியர்த்து இன்னும் மோசமாகும், உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொள். இடது கை விரல் நுனிகள் மட்டும் வெடித்துக் காய்ந்தால் பூண்டு உரிப்பதைச் சந்தேகப்படு. காதிலும் கழுத்திலும் அரிப்பு வந்தால் கவரிங் நகையின் நிக்கல், நெற்றியில் வந்தால் ஸ்டிக்கர் பொட்டின் பசை, நெற்றி முடிக்கோட்டில் வந்தால் ஹேர் டை.

சாப்பாட்டில் கத்திரிக்காய், கருவாடு, இறால் என்று "கரப்பான் பண்டம்" பட்டியல் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. சாப்பிட்டதும் அரிப்பு கூடுவதை நீயே திரும்பத் திரும்பப் பார்த்தால் விட்டுவிடு. பாட்டி சொன்னார் என்பதற்காகக் குழந்தைக்கு முட்டை, பால், மீன் எல்லாவற்றையும் நிறுத்தாதே, வளர்ச்சி நின்றுபோகும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தடிப்பு, வாந்தி வந்தால் மட்டும் அலர்ஜி பரிசோதனைக்குப் போ. சொரியாசிஸ்காரர்கள் எடையைக் குறைத்தால் நோய் குறைகிறது, மருந்தும் நன்றாகக் கேட்கிறது. மதுவையும் சிகரெட்டையும் விடுவது இதில் கண்டிப்பு. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் வருஷம் ஒரு முறை பார்த்துக்கொள், சொரியாசிஸ் இதயத்தையும் தொடும்.

ராத்திரியில் சொறியும் குழந்தையை அதட்டாதே. நகத்தை ஒட்ட வெட்டு, ஈரத்துணியை ஒற்று, சொறியும் இடத்தில் உள்ளங்கையால் அழுத்தச் சொல்லிக் கொடு.

சொரியாசிஸும் எக்ஸிமாவும் ஒட்டுவாரொட்டி கிடையாது. தொட்டால், சேர்ந்து சாப்பிட்டால், ஒரே துண்டைப் பயன்படுத்தினால், ஒரே படுக்கையில் படுத்தால், எதிலும் ஒட்டாது. தொழுநோயும் அல்ல. 2014-ல் உலக சுகாதார சபை சொரியாசிஸுக்காகவே ஒரு தீர்மானம் போட்டு, தொற்றாத நோய் என்றும், நோயாளிகள் ஒதுக்கப்படுவதால் படும் துன்பம் பெரிது என்றும் பதிவு செய்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்கார்ந்தால் ஒரே வரியில் சொல்: "இது ஒட்டாதுங்க." விளக்கம் தர வேண்டிய கடமை உனக்கு இல்லை. கல்யாணப் பேச்சில் மட்டும் மறைக்காதே என்பது என் கண்டிப்பான கருத்து. சொரியாசிஸ் உள்ளவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை என்பதைச் சொல். நீ சாப்பிடும் மருந்துக்கும் குழந்தைத் திட்டத்துக்கும் தொடர்பு இருப்பதால் கணவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். தெரிந்து பின்வாங்குகிற குடும்பம் முன்னாலேயே போகட்டும். மனசு தொடர்ந்து சோர்ந்திருந்தால் அதையும் தோல் டாக்டரிடமே சொல், அதற்கும் வைத்தியம் உண்டு.

சிலவற்றுக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்காதே. உடம்பு முழுக்கச் சிவந்து நடுக்கம் எடுத்தால், காய்ச்சலோடு சீழ்க் கொப்புளங்கள் வந்தால், எக்ஸிமா இருக்கும் இடத்தில் குத்தி எடுத்தது போன்ற சின்னச் சின்னப் புண்கள் வலியோடு பரவினால் உடனே மருத்துவமனைக்குப் போ. காலையில் எழுந்ததும் அரை மணிக்கு மேல் மூட்டு பிடித்துக்கொள்வதும், ஒரு விரல் முழுக்க வீங்குவதும் சொரியாசிஸ் மூட்டுக்கு இறங்கிய அறிகுறி. நாள் தள்ளினால் மூட்டு வளைந்தது வளைந்ததுதான், திரும்பாது.

காசு இல்லை என்று வீட்டிலேயே இருக்காதே. உனக்கு அருகில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கும். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடு. இதுவரை பூசிய எல்லா டியூப்பையும், சாப்பிட்ட எல்லா மாத்திரை அட்டையையும், பெயர் தெரியாத அந்தப் பொடியையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போ. டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.