கடற்கரையில் கறுப்பு எண்ணெயா? கையை வைக்காதீர்கள்

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் கடற்கரைக்குப் போய்த் திரும்பினால், சில நாள் செருப்படியில் கறுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியிருக்கும். கடலில் கலந்த எண்ணெய் கெட்டியாகிக் கரையொதுங்கிய தார் உருண்டை அது. வெறுங்கையால் பிய்க்காதீர்கள். துணியால் வழித்து, தேங்காய் எண்ணெய் தேய்த்து இளக்கி, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தோலில் பட்டாலும் இதே முறைதான். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் வேண்டவே வேண்டாம். அவை தோலைப் புண்ணாக்கும்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி, கனரக எரிஎண்ணெய் மெரினா தாண்டியும் பரவியது. மாணவர்களும் மீனவர்களும் வாளியால்தான் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தபோதும் மக்கள் வெறுங்கையோடு இறங்கியதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

புதிதாகக் கசிந்த கச்சா எண்ணெயின் ஆவியில் பென்சீன் இருக்கும். அது ரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியது. சில வகைகளில் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டு. அழுகிய முட்டை வாடை திடீரென நின்றுவிட்டால் ஆபத்து நீங்கியதென்று எண்ணாதீர்கள், மூக்கு மரத்திருக்கலாம். காற்றுக்கு எதிர்த்திசையில் நகர்ந்து விலகுங்கள். துணி முகக்கவசம் இந்த ஆவியைத் தடுக்காது. கையுறை நைட்ரைலாக இருக்கட்டும். மெல்லிய ரப்பர் உறை எண்ணெயில் ஊறிக் கிழியும்.

கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்; உடனே 108. மண்ணெண்ணெய் வாடை வீசும் மீனை வாங்காதீர்கள். கடலில் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் கடலோரக் காவல்படைக்கு 1554.