பெரிய ரிம்முக்கு எவ்வளவு காத்து?

காரில் 16 அங்குல ரிம்மைக் கழற்றிவிட்டு 17 அங்குல அலாய் மாட்டியவருக்குப் பெட்ரோல் பங்க்கில் ஒரு கேள்வி காத்திருக்கும்: "எவ்வளவு சார் வைக்க?" டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரைப் பார்த்துச் சொல்லிவிடத்தான் தோன்றும். என் காரில் அது 33. ஆனால் அந்த 33, கம்பெனி மாட்டிக் கொடுத்த 195/55 ஆர்16 டயருக்கு. இப்போது ஓடுவது 205/45 ஆர்17.

வெளி விட்டத்தில் இரண்டுக்கும் அரை சென்டிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. ரிம் வளர்ந்த அளவுக்குச் சைட்வால் குறைந்துவிட்டது. 107 மில்லிமீட்டர் இருந்தது 92 ஆகிவிட்டது. காற்று நிற்கும் இடம் சுருங்கியும் காரின் எடை குறையவில்லை.

இதனால் டயர் வாங்கும்போதே நான் பார்ப்பது, அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் சுமை எண். பழைய டயரில் 87, அதாவது ஒரு டயர் 545 கிலோ தாங்கும். புது அளவில் சாதாரண ரகத்துக்கு 84தான், 500 கிலோ. எக்ஸ்எல் ரகம் வாங்கினால் 88, 560 கிலோ. அப்பாடா என்று இருந்துவிட முடியாது. ஐரோப்பியத் தரக்கணக்கில் சாதாரண டயர் தன் முழுச் சுமையை 36 பிஎஸ்ஐயில் தாங்குகிறது. எக்ஸ்எல் டயருக்கு 42 வேண்டும். அதே 33 வைத்தால் பழைய டயர் தாங்கியதைவிடக் குறைவாகத்தான் தாங்கும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 37 வருகிறது. நான் அதைத்தான் வைக்கிறேன். குடும்பமும் பெட்டியுமாகக் கிளம்பினால், ஸ்டிக்கரில் முழுச் சுமைக்குப் போட்டிருக்கும் எண்ணோடு அதே நாலைக் கூட்டிக்கொள்வேன்.

"வண்டி தூக்கிப் போடுதா? ரெண்டு குறைச்சுக்கோங்க" என்பார்கள் டயர் கடையில். நம் ஊர்ச் சாலையில் இதைவிடக் கெட்ட யோசனை கிடையாது. காற்று குறைந்த மெல்லிய டயர் பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது, சைட்வால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே பாக்குவெட்டியில் சிக்கியதுபோல் நசுங்கும். உள்ளே நூலிழை அறுந்து பக்கவாட்டில் புடைக்கும். புடைத்த டயருக்கு வைத்தியம் இல்லை, மாற்றத்தான் வேண்டும். சொகுசுதான் முக்கியம் என்றால் 16-லேயே இருந்திருக்கலாம்!

அதற்காக டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் 50, 51 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. அது உச்ச வரம்பு. அவ்வளவு ஏற்றினால் டயரின் நடுப்பகுதி மட்டும் ரோட்டைத் தொடும். மழையில் பிரேக் போட்டால் தெரியும்.

அளப்பது எப்போதும் காலையில், வண்டி எடுக்கும் முன். கொஞ்ச தூரம் ஓடினாலே மூன்று நான்கு பிஎஸ்ஐ ஏறிவிடும். "கூட இருக்கு சார், இறக்கிடவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பங்க்குக்குப் பங்க் மீட்டர் மாறுவதால் சொந்தமாக ஒரு கேஜ் வண்டியில் கிடக்கிறது.

ஊட்டி போகிறவர்கள் குளிரில் காற்று இறங்கிவிடும் என்று பயப்படுவார்கள். இறங்கும்தான். ஆனால் அந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவதால் கேஜ் ஏறத்தாழ அதே அளவு கூட்டிக் காட்டும். ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும். அங்கே போய் எதையும் தொடுவதில்லை.

சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் டயரின் பட்டன் ஆழத்தைப் பார்ப்பேன். நடுவில் அதிகம் தேய்ந்திருந்தால் ஒன்று குறைப்பேன், இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் கூட்டுவேன். ஒரே ஓரம் தேய்ந்தால் காற்றைக் குறை சொல்லிப் பயனில்லை, வண்டியை அலைன்மென்ட்டுக்கு விட வேண்டும்.