பழைய வேகத்தைக் கொடுத்துப் புதிய வேகத்தை வாங்குமுன்

தன் காரை நேசிப்பவரிடம் அதன் விலை என்ன என்று கேட்டால் பதில் உடனே வருவதில்லை. முதலில் அந்த வண்டி வந்த கதை வரும். பிறகு அதில் சென்ற ஊர்கள் வரும். கடைசியாக ஒரு தொகை வரும். அந்தத் தொகை பெரும்பாலும் சந்தை விலையாக இராது. வாகனக் கடன் கேட்டு வங்கிக்கு வருவோரில் இத்தகையவரும் உண்டு. பழைய வண்டியைப் பிரிய மனமில்லை. புதிய வண்டியின் வேகமோ அழைக்கிறது. இந்த இதழில் அவருக்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

இரண்டே இருக்கைகள் கொண்ட அசல் ஸ்போர்ட்ஸ் கார்கள் நம் சாலைகளில் அரிது. ஆகவே வேகத்தில் ஆர்வமுள்ள நடுத்தரக் குடும்பத்தார், பார்வைக்குக் குடும்பக் காராகவும் காலை அழுத்தினால் வேறொன்றாகவும் மாறும் வண்டிகளையே ஸ்போர்ட்ஸ் கார் என்று கொண்டாடி வந்திருக்கிறார்கள். 2004-ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ். அவ்வகையில் பெயர்பெற்றது. 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், கையால் மாற்றும் ஐந்து கியர்கள், 150 குதிரைத்திறன். அதே வழியில் 2017-இல் ஆர்.எஸ். 230 வந்தது. 2020-இல் வந்த ஆர்.எஸ். 245 முழுமையாகக் கட்டப்பட்ட நிலையில் இறக்குமதியாயிற்று. நாடு முழுமைக்கும் 200 வண்டிகள்தாம். ஷோரூம் விலை ஏறக்குறைய 36 லட்சம் ரூபாய். குதிரைத்திறன் 245.

முதல் தலைமுறை வி.ஆர்.எஸ். ஒன்றை 2006-இல் வாங்கி, 15 ஆண்டுப் பதிவு முடிந்ததும் 2021-இல் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்து, இன்றும் ஞாயிறு காலைகளில் ஓட்டிவரும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். அவர் ஒருவர் கை மாறிய ஆர்.எஸ். 245 ஒன்றைப் பார்த்துவிட்டார். பேரம் 25 லட்சத்தில் படிந்தது என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தொகையும் இனி வரும் விலைகளும் கணக்கைப் புரியவைப்பதற்காக நாம் எடுத்துக்கொண்டவையே. சந்தை நிலவரம் அல்ல.

பழைய வண்டிக்கு என்ன கிடைக்கும்?

காப்பீட்டுப் பத்திரத்தில் உள்ள மதிப்பு இங்கே உதவாது. வண்டி ஐந்து வயதைக் கடக்கும் வரை தேய்மானத்திற்கு ஒரு படிநிலை உண்டு: ஆறு மாதத்திற்குள் 5 விழுக்காடு என்று தொடங்கி, நான்கு முதல் ஐந்து ஆண்டுக்குள் 50 விழுக்காட்டில் முடியும். அதன் பின்னர் காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகையே மதிப்பு. எஞ்சியிருப்பது சந்தை ஒன்றே.

சந்தையிலும் இரண்டு வாசல்கள் உள்ளன. ஒன்று, புதிய வண்டியை விற்பவரிடமே பழையதைக் கொடுத்துக் கழித்துக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச். வண்டியை நேசித்துப் பராமரித்தீர்களா என்பது அவருக்கு ஒரு பொருட்டன்று. உற்பத்தி ஆண்டு, ஓடிய தூரம், எத்தனையாவது கை என்ற மூன்றையும் பார்த்து அவர் 2,25,000 என்பார். மற்றது, இந்த வண்டியின் அருமை அறிந்த இன்னொரு ஆர்வலரிடம் நேராக விற்பது. டைமிங் பெல்ட்டும் தண்ணீர் பம்பும் எப்போது மாற்றப்பட்டன என்பதற்கான ரசீதுகளை அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பார். பார்த்துவிட்டு 3,50,000 தருவார். ஆனால் அவர் கிடைக்க மூன்று மாதம் ஆகலாம்.

வித்தியாசம் 1,25,000. அலைச்சலுக்கு அஞ்சி இதை விட்டுக்கொடுப்பவர்கள் உண்டு. விட்டுக்கொடுப்பது 1,25,000 மட்டுமன்று என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. சேமிப்பிலிருந்து 6,50,000 எடுக்கிறார் என்றால், நேராக விற்றவருக்கு 15 லட்சம் கடன் போதும். எக்ஸ்சேஞ்சில் கொடுத்தவருக்கு 16,25,000 வேண்டும். ஆண்டுக்கு 10 விழுக்காடு, 60 மாதம் என்று கொண்டால், ஒவ்வொரு லட்சத்திற்கும் மாதத் தவணை 2,125 ரூபாய். முன்னவர் மாதம் 31,871 ரூபாய் கட்டுவார். பின்னவர் 34,526 ரூபாய். ஐந்து ஆண்டு முடிவில் அந்த 1,25,000 வட்டியோடு வளர்ந்து 1,59,000-ஐத் தாண்டியிருக்கும்.

எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்ற சொல்லும் சற்று மயக்கக்கூடியது. பழைய வண்டியின் விலையைக் குறைத்துவிட்டுப் போனஸை உயர்த்திக் காட்டுவது விற்பனையில் வழக்கமான ஒன்றே. ஆகவே தனித்தனித் தொகைகளைப் பாராமல், பழைய வண்டியைக் கொடுத்தபின் கையிலிருந்து போகும் மொத்தம் எவ்வளவு, கொடுக்காமல் வாங்கினால் தள்ளுபடி போக எவ்வளவு என்று இரண்டையும் எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும்.

வட்டியைச் சொல்லும் விதம்

பழைய வண்டிகளுக்கான கடனில் வட்டி பொதுவாகப் புதிய வண்டிக்கடனைவிடக் கூடுதல். அதைவிட முக்கியமானது, சொல்லப்படும் விழுக்காடு எவ்வகையைச் சேர்ந்தது என்பது. குறையும் நிலுவைக்கு வட்டி என்றால், 15 லட்சத்திற்கு மேற்சொன்ன கணக்கில் ஐந்தாண்டு மொத்த வட்டி 4,12,000 ரூபாய் அளவில் நிற்கும். ஃபிளாட் வட்டி என்றால், அடைத்துவிட்ட அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி ஏறிக்கொண்டே இருக்கும், அதே 10 விழுக்காட்டில் வட்டி மட்டும் 7,50,000, தவணை 37,500. குறையும் நிலுவைக் கணக்கில் சொன்னால் அது 17 விழுக்காட்டைத் தாண்டிய வட்டி. இரண்டு இடங்களில் கடன் விசாரிப்பவர் இந்த ஒரு கேள்வியை மறக்கலாகாது.

தவணை பாரமாக இருக்கிறதென்று 84 மாதமாக நீட்டினால் மாதம் 24,902 ரூபாய் ஆகும். மொத்த வட்டி 5,92,000-ஐத் தொடும். பழைய வண்டிக்கு ஏழாண்டுக் கடனை நாம் விரும்புவதில்லை. கடன் முடியுமுன் வண்டியே பெரும் பழுதுச் செலவு கேட்கும் வயதை எட்டிவிடும்.

இனி உண்மையான செலவைப் பார்ப்போம். 25 லட்சத்திற்கு வாங்கியது ஐந்தாண்டு கழித்து 15 லட்சத்திற்கு விலைபோகிறது என்று கொண்டால், தேய்ந்தது 10 லட்சம்; வட்டி 4,12,000. மாதத்திற்கு 23,500 ரூபாய். பெட்ரோலும் காப்பீடும் டயரும் இதில் சேரவில்லை. மறுபுறம், பழைய வி.ஆர்.எஸ். தேயவேண்டிய அளவு தேய்ந்துவிட்டது. டர்போ, சஸ்பென்ஷன், கிளட்ச், ரப்பர்க் குழாய்கள் அனைத்தையும் 2,50,000 செலவழித்துப் புதுப்பித்தாலும், ஐந்தாண்டில் பரப்பினால் மாதம் 4,200 ரூபாய்க்குள் அடங்கும். ஆனால் பழையதைப் போற்றுவோர் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும்: 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இன்று நாடெங்கும் வழக்கமாகிவிட்டது, 2006-இன் வண்டி அதற்கென உருவானதன்று. உதிரிபாகங்களும் ஆண்டுக்கு ஆண்டு அரிதாகின்றன. இறக்குமதியான 200 வண்டிகளுள் ஒன்றுக்கும் சில பாகங்களுக்குக் காத்திருக்க நேரும் என்பது வேறு.

காப்பீட்டில் ஒரு வியப்பு உண்டு. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் குதிரைத்திறனைப் பார்ப்பதில்லை. எஞ்சினின் கன அளவையே பார்க்கிறது. 1500 சி.சி.க்கு மேற்பட்ட தனியார் கார்கள் அனைத்திற்கும் ஒரே கட்டணம். 2022-இல் அது 7,897 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. ஆகவே 1.8 லிட்டருக்கும் 2 லிட்டருக்கும் அதில் வேறுபாடு இல்லை. கூடுவது சொந்தச் சேதத்திற்கான பகுதி; வண்டியின் மதிப்பு உயர்ந்தால் அதுவும் உயரும். இங்கேதான் நோ கிளைம் போனஸ் கைகொடுக்கும். அது வண்டிக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. ஐந்து ஆண்டுகள் இழப்பீடு கோராதவருக்குச் சொந்தச் சேதப் பகுதியில் 50 விழுக்காடு வரை சலுகை உண்டு. பழைய வண்டியை விற்றதும் காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான சான்றிதழைப் பெற்றால், மூன்றாண்டுக்குள் அடுத்த வண்டிக்கு அதைப் பயன்படுத்தலாம். விற்பவர் பலர் இதைப் பழைய பத்திரத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

வேகத்தைச் சட்டப்படி அனுபவிக்க எண்ணுவோர் கோயம்புத்தூரின் கரி பந்தயத் தளத்தையோ, இருங்காட்டுக்கோட்டையையோ, கிரேட்டர் நொய்டாவின் புத்தா தளத்தையோ நாடலாம். விரைவுச்சாலையில் கார்களுக்குத் தேசிய உச்சவரம்பு மணிக்கு 120 கிலோமீட்டர்தான். ஆனால் பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் நேரும் சேதத்தைச் சாதாரண வாகனக் காப்பீடு ஏற்காது. பத்திரத்தில் விலக்குகள் என்ற பகுதியைத் தளத்திற்குப் போகுமுன் படித்துவிடுவது நல்லது.

காகிதங்கள்

பணக்கணக்கில் தவறினால் சில லட்சங்கள் போகும். காகிதத்தில் தவறினால் என்ன போகும் என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரித் தீர்ப்பு சான்று. ஒருவர் 2007-இல் தம் காரை விற்றார். அது அடுத்தடுத்துச் சிலர் கை மாறியது. 2009-இல் அந்தக் கார் மோதி ஓர் உயிர் போயிற்று. பதிவுச் சான்றிதழில் அப்போதும் முதலில் விற்றவரின் பெயரே இருந்தது. வண்டி எப்போதோ தம் கையை விட்டுப் போய்விட்டது என்ற வாதம் நிற்கவில்லை. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று நீதிமன்றம் கூறியது. பாதிக்கப்பட்ட குடும்பம் யார் யாருக்கு விற்றார் என்று தேடி அலையக்கூடாது என்பது அதன் உட்பொருள். வண்டியைக் கொடுத்துப் பணத்தை வாங்கினால் விற்பனை முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். பதிவேட்டில் பெயர் மாறும் வரை அது முடிவதில்லை.

பழைய வண்டியின் மீது கடன் எப்போதோ அடைந்திருக்கலாம். ஆயினும் பதிவுச் சான்றிதழில் வங்கியின் பெயர் அப்படியே இருக்கக்கூடும். பத்தாண்டுக்கு முன் கடன் தீர்த்தவர்களில் பலர் தடையின்மைச் சான்றிதழை வாங்கி அலமாரியில் வைத்ததோடு நின்றுவிட்டார்கள். அச்சான்றிதழோடு படிவம் 35-ஐப் பதிவு அலுவலகத்தில் கொடுத்து அடமானக் குறிப்பை நீக்கினால்தான் வண்டி தடையின்றிக் கைமாறும். பழைய சான்றிதழ் காலாவதியாகியிருந்தால் கிளையில் புதிதாகக் கேட்டுப் பெறலாம். இப்போது கடனைத் தீர்ப்பவருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு: 2023 டிசம்பர் முதல், முழுத்தொகையும் செலுத்திய 30 நாளுக்குள் கடன் கொடுத்த நிறுவனம் மூல ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவு செய்த உரிமைக் குறிப்புகளையும் நீக்கவேண்டும், தன் பக்கத்துத் தாமதத்திற்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறி.

விற்பனையை அறிவிக்க விற்பவரும் வாங்குபவரும் கையொப்பமிடும் படிவம் 29, பெயர்மாற்றத்திற்குப் படிவம் 30. ஒரே மாநிலத்திற்குள் என்றால் விற்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்கவேண்டும். வாங்குபவருக்கு 30 நாள். வெற்றுப் படிவத்தில் கையொப்பமிட்டுக் கொடுக்கச் சொல்பவரிடம் பணிவாக மறுத்துவிடலாம். எக்ஸ்சேஞ்சில் கொடுப்பவரும் இதிலிருந்து தப்பியவரல்லர். வண்டி விற்பனையாளரின் வளாகத்தில் மாதக்கணக்கில் நிற்கும், அதை யாராவது ஓட்டிப் பார்ப்பார்கள். 2023 ஏப்ரல் முதல், அங்கீகாரம் பெற்ற பழைய வாகன விற்பனையாளரிடம் வண்டியை ஒப்படைத்ததைப் பதிவு அதிகாரிக்கு இணையவழியில் அறிவிக்க வழி உள்ளது. விற்பனையாளருக்கு அந்த அங்கீகாரம் உண்டா என்று கேட்பதில் தவறில்லை.

வாங்கும் வண்டிக்கும் இதே விழிப்பு தேவை. நாடெங்கும் 200 மட்டுமே உள்ள கார், நம் ஊரில் கிடைக்க வாய்ப்புக் குறைவு. புனேயிலோ குருகிராமிலோதான் கிடைக்கும். வேறு மாநில வண்டி என்றால் அங்குள்ள பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்றிதழ் வேண்டும். நம் மாநிலத்தில் மீண்டும் சாலை வரி செலுத்தவேண்டும். முன் செலுத்திய வரியில் எஞ்சிய காலத்திற்குரியதைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அது கைக்கு வர நாளாகும். 25 லட்சம் என்று நாம் வைத்த விலையில் இந்த வரி இல்லை. கடன் தொகையை முடிவு செய்யுமுன் இதைச் சேர்த்துக்கொள்ளவேண்டும். எஞ்சினின் மென்பொருளை மாற்றித் திறன் கூட்டப்பட்ட வண்டியா என்பதையும் கேட்டு எழுத்தில் பெறவேண்டும். மறைத்தால் காப்பீட்டுக் கோரிக்கை நாளை தடுமாறும்.

நம் வி.ஆர்.எஸ். அன்பர் விற்றாரா, வைத்துக்கொண்டாரா என்று வாசகர் கேட்கலாம். சேமிப்பிலிருந்து எடுத்த 6,50,000 போக, ஆறு மாதக் குடும்பச் செலவு வைப்புநிதியில் எஞ்சியிருந்தால், தவணையோடு சேர்த்து எல்லாக் கடன்களும் கையில் வரும் சம்பளத்தில் 40 விழுக்காட்டுக்குள் நின்றால், அவர் மகிழ்ச்சியாக வாங்கட்டும் என்போம். இல்லையேல் ஓராண்டு காத்திருக்கட்டும். அந்த ஓராண்டில் 31,871 ரூபாயை மாதந்தோறும் தொடர்வைப்பில் போட்டுப் பார்க்கட்டும். தவணை தாங்குமா என்பது அப்போதே தெரிந்துவிடும். கையில் 3,80,000 ரூபாயும் சேர்ந்திருக்கும்.

விற்பதென்று முடிவானால், சாவியைக் கொடுக்கும் நாளில் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேகைக் கழற்றி, அதை வழங்கிய வங்கியில் கணக்கை மூடிவிடுங்கள். மூடாவிட்டால், வண்டி கடக்கும் ஒவ்வொரு சுங்கச்சாவடியின் குறுஞ்செய்தியும் உங்கள் கைபேசிக்கே வரும். கட்டணமும் உங்கள் கணக்கிலிருந்தே போகும். ஒரு மாதம் கழித்துப் பரிவாகன் தளத்தில் பழைய பதிவெண்ணை இட்டு, உரிமையாளர் பெயர் மாறிவிட்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.