பழம் முதலில், எலுமிச்சை கடைசியில்

கோடை வந்தால் வீட்டிலேயே ஜூஸ் போட வேண்டும் என்று ஆசைப்பட்டு, மிக்ஸியை எடுத்து வைத்துக்கொண்டு யோசிக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பழம் சேர்த்த எலுமிச்சை ஜூஸுக்குக் கடை சிரப்பும் எசென்ஸும் தேவையே இல்லை. கைப்பக்குவம் தெரிந்தால் போதும். அதைத்தான் சொல்லித் தரப் போகிறேன்.

1. எலுமிச்சையைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். தோல் மெல்லியதாக, வழவழப்பாக, கையில் கனமாக இருக்கும் பழத்தில்தான் சாறு இருக்கும். தடித்த தோல்காரன் பார்க்கப் பெரிதாக இருப்பான், பிழிந்தால் ஒன்றும் வராது. புளியங்குடிப் பக்கத்து நாட்டுப் பழம் கிடைத்தால் விடாதீர்கள். வாசனையே வேறு. கோடையில் விலை ஏறத்தான் செய்யும். 2022 ஏப்ரலில் ஒரு பழம் 10 ரூபாயைத் தாண்டி விற்றது நினைவிருக்கலாம். மலிவாகக் கிடைக்கும் நாளில் கூடுதலாக வாங்கிப் பிழிந்து, ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைய வைத்துவிடுங்கள். வேண்டும்போது ரெண்டு கட்டி எடுத்துப் போட்டால் ஆயிற்று.

2. வெட்டுவதற்கு முன் பழத்தை உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள். குறுக்காக வெட்டி, இதமாகப் பிழியுங்கள். கடைசிச் சொட்டையும் விடக்கூடாது என்று முறுக்கினால் தோலில் இருக்கும் கசப்பெல்லாம் சாற்றில் இறங்கிவிடும். விதையும் கசக்கும். உடனே வடிகட்டிவிடுங்கள்.

3. அலுமினியம், பித்தளை, செம்புப் பாத்திரங்களில் எலுமிச்சைச் சாறு படவே கூடாது. புளிப்பு உலோகத்தை அரிக்கும். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் நல்லது.

4. சர்க்கரையை அப்படியே குளிர்ந்த தண்ணீரில் கொட்டிக் கலக்காதீர்கள். கரையாமல் அடியில் தங்கும். மேல் டம்ளர் புளிக்கும், கடைசி டம்ளர் திகட்டும். ஒரு டம்ளர் சர்க்கரைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். கம்பிப்பதமெல்லாம் வேண்டாம். கொதிக்கும்போது சில சொட்டு எலுமிச்சை விட்டால் பாகு பூத்துப் போகாது. ஆறியதும் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் கவலை இல்லை. நாட்டுச்சர்க்கரை போடலாம், ஆனால் பழத்தின் நிறம் மங்கும். நன்னாரி சர்பத் சேர்ப்பதானால் அதிலேயே இனிப்பு இருக்கிறது; பாகைக் குறையுங்கள்.

5. இப்போது பழம். கற்றுக்கொள்பவர்கள் பன்னீர் திராட்சையில் தொடங்குங்கள் என்பேன். கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க விளைகிற திராட்சை; 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. கால் கிலோ திராட்சையை உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டு, ரெண்டு மூன்று முறை நன்றாக அலசுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு அடுப்பில் ஏற்றி, தோல் வெடிக்கும்வரை ஐந்து நிமிஷம் சிறு தீயில் வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம், வாசனை போய்விடும். ஆறிய பிறகு மத்தால் மசித்து வடிகட்டுங்கள். மிக்ஸியில் போட்டால் விதை உடைந்து துவர்க்கும்.

இந்தச் சாற்றில் மூன்று டம்ளர் குளிர்ந்த தண்ணீரைச் சேர்த்தால் நிறம் கொஞ்சம் மங்கி, நீலம் கலந்த ஊதாவாகத் தெரியும். பயப்படாதீர்கள். எலுமிச்சைச் சாறு விழுந்ததும் சொட்டு விழுந்த இடத்திலிருந்து சிவப்பு கிளம்பி, கலக்கக் கலக்க முழுவதும் ரோஜா நிறமாகிவிடும். திராட்சைத் தோலின் நிறத்துக்குப் புளிப்புப் பட்டால் சிவக்கிற குணம் உண்டு. குழந்தைகளைப் பக்கத்தில் நிறுத்தி இதைக் காட்டுங்கள்.

தர்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதற்குத் தனியாகத் தண்ணீர் ஊற்றினால் சப்பென்று போய்விடும். விதை நீக்கி அடித்து, வடிகட்டி, எலுமிச்சை மட்டும் சேருங்கள். மாம்பழம் இதற்கு நேர்மாறு, கெட்டிக் கூழ். நாராக இருந்தால் வடிகட்டி, தண்ணீரைத் தாராளமாக விடலாம். அன்னாசியை அடித்தால் நுரை பொங்கும். பத்து நிமிஷம் விட்டு நுரையை வழித்துவிடுங்கள். நுங்கை அடிக்கவே வேண்டாம். தோல் நீக்கிச் சின்னதாக நறுக்கி, ஜூஸ் தயாரான பிறகு போடுங்கள்.

6. எலுமிச்சை கடைசியில்தான். நான் சொல்வதில் முக்கியமானது இது. பழச்சாறு, தண்ணீர், பாதிப் பாகு மூன்றையும் கலந்து முதலில் ஒரு கரண்டி வாயில் விட்டுப் பாருங்கள். அன்றைக்கு வாங்கிய பழம் எவ்வளவு இனிப்பு, எவ்வளவு புளிப்பு என்று அப்போதுதான் தெரியும். பிறகு எலுமிச்சையை ஒரு ஸ்பூன், இன்னொரு ஸ்பூன் என்று விட்டு, ஒவ்வொரு முறையும் ருசி பாருங்கள். பழத்தின் வாசனை திடீரென்று எடுப்பாகத் தெரியும் ஒரு இடம் வரும். அங்கே நிறுத்துங்கள். அதைத் தாண்டினால் குடிப்பவருக்கு எலுமிச்சைதான் தெரியும், பழம் காணாமல் போகும். மிச்சப் பாகை அதற்குப் பிறகு சரிபாருங்கள். சொன்ன திராட்சை அளவுக்கு மூன்று எலுமிச்சையும் அரை டம்ளர் பாகும் பக்கத்தில் இருக்கட்டும்; முழுவதும் தேவைப்படும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சமையல் குறிப்பில் அச்சிட்ட அளவு உங்கள் கடைக்காரர் கொடுத்த பழத்தைப் பார்த்து எழுதியது அல்ல. ஐஸ் போட்டால் இனிப்பு இன்னும் மட்டாகத் தெரியும், அதனால் ருசி கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும்.

7. ஒரு சிட்டிகை உப்பு எல்லாவற்றுக்கும் போடுங்கள். இஞ்சி அன்னாசிக்குப் பொருந்தும், புதினா தர்பூசணிக்கு, ஏலக்காய் மாம்பழத்துக்கு. மூன்றையும் ஒரே ஜாடியில் போட்டு எதையும் கெடுத்துவிடாதீர்கள்.

8. சப்ஜா விதை சேர்ப்பதானால் கால் மணி நேரமாவது நன்றாக ஊறி உப்ப வேண்டும். உலர்ந்த விதை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதில் அலட்சியம் கூடாது.

9. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். ஐஸ் கட்டியும் அதே தண்ணீரில் வீட்டில் உறைய வைத்ததாக இருக்கட்டும். எங்கே, எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாத பார் ஐஸை வாங்கி உடைத்துப் போடுவதாக இருந்தால், ஐஸே இல்லாமல் மண்பானைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள்.

10. சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குப் பாகு சேர்க்காத எலுமிச்சைத் தண்ணீரில் உப்பும் இஞ்சியும் போட்டுத் தனியாகக் கொடுங்கள். அவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் குடிப்பது நன்றாக இருக்காது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி என்றால் இந்த ஜூஸ் உதவாது. ஓஆர்எஸ் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுப்படி கரைத்துக் கொடுத்து, டாக்டரிடம் காட்டுங்கள்.

11. எலுமிச்சை சேர்த்த ஜூஸ் நேரம் ஆக ஆகக் கசக்கத் தொடங்கும். ராத்திரியே கலந்து வைக்காதீர்கள். பழச்சாறும் பாகும் ஃப்ரிட்ஜில் தனித்தனியாக இருக்கட்டும்; ஆள் வந்ததும் கலக்க ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. கத்திரி வெயிலில் சிலிண்டர் தூக்கி வருபவருக்கும் கூரியர் கொண்டுவரும் பிள்ளைக்கும் ஒரு டம்ளர் கலந்து கொடுங்கள். வேர்த்து வந்திருப்பார்கள், அவர்கள் டம்ளரில் உப்பு ஒரு சிட்டிகை கூடுதலாக இருக்கட்டும்.