மெமோ செல்போனைப் பற்றி. வழக்கு அதைப் பற்றியதல்ல

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில், அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். சமூக அறிவியல் நடத்துகிறேன். சிறு வயதிலிருந்தே வாசிப்பது எனக்குப் போராட்டம்தான். வரி தாவும், எழுத்து இடம் மாறும். என் மகனைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனபோதுதான் எனக்கும் டிஸ்லெக்சியா இருப்பது தெரியவந்தது. தனியார் உளவியலாளர் ஒருவர் அறிக்கை கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு பாடப்புத்தகம், சுற்றறிக்கை எல்லாவற்றையும் கைப்பேசியில் உள்ள வாசித்துக் காட்டும் வசதியைப் போட்டு, காதில் கேட்டுத்தான் தயாராகிறேன். என் பாடத்தில் தேர்ச்சி குறைந்ததே இல்லை. புதிதாக வந்த தலைமை ஆசிரியர், பள்ளி நேரத்தில் செல்போனும் இயர்போனும் பயன்படுத்துவதாக இரண்டு மெமோ கொடுத்துவிட்டார். முதல் மெமோவுக்கு நேரில் போய் விளக்கினேன். “படிக்கவே வராதவங்க வாத்தியார் வேலைக்கு எதுக்கும்மா வந்தீங்க?” என்று ஆசிரியர் அறையில் எல்லோர் முன்பும் கேட்டார். இரண்டாவது மெமோ வந்து ஏழு மாதம் ஆகிறது. பயத்தில் பதில் கொடுக்கவில்லை. இப்போது ஆண்டு ஊதிய உயர்வை நிறுத்தப் போவதாகச் சொல்கிறார்கள். செயலியைப் பயன்படுத்த எனக்குச் சட்டப்படி உரிமை உண்டா? தகுதித் தேர்வு எழுதினால் கூடுதல் நேரம் கிடைக்குமா?
– பெயர், ஊர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் தலைமை ஆசிரியரின் குணத்தைப் பற்றியது. அதை இங்கே வெட்டிவிட்டேன். வழக்கு என்று போனால் நீதிமன்றமும் அதைத்தான் செய்யும்.

“செயலியைப் பயன்படுத்த உரிமை உண்டா?” என்று கேட்டால் பதில் உங்களுக்குச் சாதகமாக வராது. பள்ளி நேரத்தில் ஆசிரியர்கள் செல்போன் எடுப்பதைக் கட்டுப்படுத்த நிர்வாகத்துக்கு அதிகாரம் இருக்கிறது. கேட்க வேண்டியது வேறு: மாற்றுத்திறனாளியான ஊழியருக்குச் செய்து தர வேண்டியதைப் பள்ளி செய்து தந்ததா? மெமோ இரண்டும் செல்போனைப் பற்றிப் பேசுகின்றன. உங்கள் பதிலும் செல்போனைப் பற்றியே பேசினால் இது ஒழுங்கு நடவடிக்கை விவகாரம். உங்கள் வாசிப்பைப் பற்றிப் பேசினால் இது பாகுபாடு விவகாரம். வழக்கின் முடிவு இந்த ஒரு திருப்பத்தில்தான் இருக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் உள்ளது. அதன் அட்டவணையில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள் உண்டு. டிஸ்லெக்சியா அங்கே பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. 20(2) பிரிவின்படி, ஒவ்வோர் அரசு நிறுவனமும் மாற்றுத்திறனாளி ஊழியருக்கு நியாயமான வசதி ஏற்பாட்டைச் செய்து தர வேண்டும். மறுத்தால் அந்த மறுப்பே பாகுபாடு என்கிறது 2(h) பிரிவு. “நாங்கள் தனியார் நிர்வாகம், அரசு நிறுவனம் இல்லை” என்று உங்கள் தாளாளர் சொல்லக்கூடும். 2(k) பிரிவைக் காட்டுங்கள். அரசின் உதவி பெறும் அமைப்பும் அரசு நிறுவனம் என்ற சொல்லுக்குள் வருகிறது. உங்கள் பள்ளி சுயநிதிப் பள்ளியாக இருந்திருந்தால் இந்தப் பதிலை வேறு மாதிரி, இன்னும் தயக்கத்தோடு எழுதியிருப்பேன்.

“நாற்பது சதவீதம் இருந்தால்தான் எதுவும் கிடைக்கும்” என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நாற்பது சதவீதக் குறைபாடு என்பது இடஒதுக்கீடு போன்ற சில சலுகைகளுக்கான வரம்பு. வசதி ஏற்பாட்டுக்கு அந்த வரம்பு கிடையாது. விகாஷ் குமார் என்பவர் மத்தியப் பணியாளர் தேர்வாணையத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு அவருக்கு. குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுத ஆள் கேட்டார். நாற்பது சதவீத வரம்பைக் காட்டி மறுத்தார்கள். அந்த வரம்பு இதற்குப் பொருந்தாது என்றது நீதிமன்றம். வசதி ஏற்பாடு ஆளுக்கு ஆள், தேவைக்குத் தேவை மாறும் என்றும், கேட்பவரோடு பேசித்தான் அதை முடிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் பதில் கடிதத்தில் எடுத்துக்காட்ட இந்த ஒரு தீர்ப்பு போதும். இணையத்தில் அள்ளி அனுப்பியிருக்கும் மற்ற தீர்ப்புகளைச் சேர்க்காதீர்கள். பாதி உங்கள் விஷயத்துக்குத் தொடர்பில்லாதவை.

நிர்வாகத்துக்கும் வாதம் உண்டு. நியாயமான நோக்கம் ஒன்றுக்காக, அதற்குத் தேவையான அளவோடு எடுத்த நடவடிக்கை பாகுபாடு ஆகாது என்கிறது 3(3) பிரிவு. வகுப்பறை ஒழுங்கு நியாயமான நோக்கம் என்பார்கள், அது சரிதான். ஆனால் ஓய்வுப் பாடவேளையில், ஆசிரியர் அறையில், பாடம் தயாரிக்கக் கேட்பதையும் தடுத்தால் அளவு மீறிவிட்டது. வகுப்பில் மாணவர்கள் இருக்கும்போது காதில் இயர்போன் மாட்டியிருந்ததை உங்கள் கடிதம் ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறது, இன்னோரிடத்தில் மறுக்கிறது. வழக்கறிஞரைப் பார்க்கும் முன் எது உண்மை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மாட்டியிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். பிள்ளைகள் பொறுப்பில் இருக்கும்போது ஆசிரியரின் காது அவர்களுக்குரியது. எந்த நீதிபதியும் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும். வகுப்பிலேயே பத்தியை வாசித்துக் காட்ட வேண்டுமென்றால், ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்கும்படி போட அனுமதி கேளுங்கள்.

மாணவர் வருகையைப் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் ஏற்ற இதே பள்ளியில் இதே செல்போனைத்தான் தினமும் எடுக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே பயனுள்ள வரி அது. அதைப் போய் அடைப்புக்குறிக்குள் வைத்திருக்கிறீர்கள்!

“தாங்க முடியாத சுமை” என்பது நிர்வாகத்தின் அடுத்த வாதமாக இருக்கலாம். வசதி ஏற்பாடு அளவுக்கு மீறிய சுமையாக இருக்கக் கூடாது என்று 2(y) பிரிவே சொல்கிறது. ஆனால் நீங்கள் கேட்பதற்குச் செலவு ஏது? ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் விண்டோஸ் கணினியிலும் வாசித்துக் காட்டும் வசதி கூடவே வருகிறது. என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம்; தமிழும் வாசிக்கும். உங்கள் உண்மையான சிக்கல் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறது: சுற்றறிக்கைகள் கோணலாக ஸ்கேன் செய்த படமாகவோ, பழைய வகை எழுத்துருவிலோ வாட்ஸ்ஆப் குழுவில் வருகின்றன, செயலி அதை வாசிக்காமல் உளறுகிறது. ஒருங்குறியில் இல்லாத தமிழைப் பெரும்பாலான செயலிகளால் ஒழுங்காக வாசிக்க முடியாது. தமிழக அரசு 2010-லேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே, “சுற்றறிக்கைகளை ஒருங்குறி எழுத்தாக, கூட்டத்துக்கு முந்தைய நாளே எனக்கு அனுப்ப வேண்டும்” என்பதை உங்கள் கோரிக்கையில் முதலாவதாக எழுதுங்கள். காசு செலவில்லாத ஒன்றைச் சுமை என்று சொல்வது கடினம். இரண்டாவதாக, ஆசிரியர் அறையில் கேட்டுத் தயாராவதற்கு எழுத்துப்பூர்வ அனுமதி. மூன்றாவதாக, கூட்டத்திலோ காலை வழிபாட்டிலோ முன்பின் பார்க்காத தாளைக் கையில் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லக் கூடாது. இந்த மூன்றோடு நிறுத்துங்கள். எனக்கு எழுதிய கடிதத்தில் நீங்கள் போட்டிருக்கும் பதினான்கு கோரிக்கைப் பட்டியல், கேட்பவரை எரிச்சலூட்டத்தான் உதவும்.

இனி நான் கோபப்பட வேண்டிய இடம். முதல் மெமோவுக்கு “நேரில் போய் விளக்கினேன்” என்கிறீர்கள். எந்தத் தேதியில்? யார் சாட்சி? விளக்கம் கேட்டு எழுத்தில் வந்ததற்கு வாயால் பதில் சொன்னால், பதிலே சொல்லாததற்குச் சமம். இரண்டாவது மெமோவை ஏழு மாதம் பையில் வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறீர்கள். நாளை விசாரணையில், “குற்றச்சாட்டை மறுக்கவில்லை, எனவே ஏற்றுக்கொண்டார்” என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். அதைவிடப் பெரிய தவறு, வசதி வேண்டும் என்று இதுவரை ஒரு துண்டுத் தாளில்கூட நீங்கள் கேட்கவில்லை. கேட்காததை மறுத்தார்கள் என்று எப்படி வழக்குப் போடுவது? “இப்படி ஒரு குறைபாடு இருப்பதாக எங்களுக்குத் தெரியவே தெரியாது” என்று நிர்வாகம் சத்தியம் செய்தால், அதற்கு எதிராகக் காட்ட உங்களிடம் இருப்பது ஆசிரியர் அறையில் சொல்லப்பட்ட ஓர் அவமானச் சொல் மட்டும்தான். அதைக் கேட்டவர்களும் அதே தலைமை ஆசிரியரின் கீழ் வேலை பார்ப்பவர்கள். அவர்களை நம்பி வழக்கு நடத்த முடியாது. பயமாக இருந்தது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் இங்கே பயம் உங்களைக் காப்பாற்றவில்லை, அவர்களுக்குத்தான் கோப்பு தயாரித்துக் கொடுத்திருக்கிறது.

உளவியலாளர் அறிக்கையைச் சான்றிதழ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது சான்றிதழ் அல்ல. சான்றிதழ் கேட்டுப் போகும்போது கூடவே எடுத்துச் செல்ல வேண்டிய தாள். மாற்றுத்திறனாளி சான்றிதழையும் தனித்துவ அடையாள அட்டையையும் அரசு மருத்துவ அதிகாரிதான் தர முடியும். ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்து, மாவட்ட அரசு மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கற்றல் குறைபாட்டைச் சோதிக்கும் முறைகள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்து உருவானவை. வேலையில் இருக்கும் பெரியவர் போய் நின்றால், “டீச்சருக்கு எப்படிம்மா இது வரும்?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். திரும்பி வராதீர்கள். பழைய மதிப்பெண் பட்டியல், பள்ளிக்கால விடைத்தாள் ஏதாவது இருந்தால் அது, உளவியலாளரின் முழு அறிக்கை எல்லாவற்றையும் கொண்டு போங்கள். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். 59-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. (இதே போன்ற பிரச்சினையோடு ஏடிஹெச்டி உள்ள வாசகர்கள் சிலரும் எழுதுகிறார்கள். அது இந்தச் சட்டத்தின் அட்டவணையில் பெயரோடு இல்லை. ஆட்டிசம் இருக்கிறது. ஆகவே அவர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

சான்றிதழ் வரும்வரை காத்திருக்கக் கூடாது. இந்த வாரமே இரண்டு தனித்தனிக் கடிதங்கள். ஒன்று, இரண்டாவது மெமோவுக்குப் பதில்: தாமதத்துக்கு வருத்தம், குற்றச்சாட்டு மறுப்பு, வாசிப்புக் குறைபாட்டின் காரணமாகவே அந்த வசதியைப் பயன்படுத்தியது, சான்றிதழுக்கு விண்ணப்பித்திருப்பது. இன்னொன்று, 20(2) பிரிவின் கீழ் வசதி கோரும் மனு. இரண்டையும் தலைமை ஆசிரியருக்கும் தாளாளருக்கும் ஒப்புகைச் சீட்டோடு பதிவு செய்த விரைவுத் தபாலில் அனுப்பி, மாவட்டக் கல்வி அலுவலருக்கு நகல் போடுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்காமல் நகராதீர்கள். வழக்கறிஞர் பார்க்காமல் இரண்டுமே போகக் கூடாது. தாமதத்துக்கு நீங்கள் எழுதும் காரணம் ஒப்புதல் வாக்குமூலமாக மாறிவிடும் அபாயம் இருக்கிறது.

பதில் வராவிட்டால் குறைதீர் அலுவலரிடம் புகார் கொடுங்கள்; 23-ஆம் பிரிவின்படி அரசு நிறுவனம் ஒவ்வொன்றிலும் அப்படி ஒருவர் இருக்க வேண்டும். புகாரைப் பதிவு செய்த இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். உங்கள் பள்ளியில் அப்படி ஒருவர் இருப்பார் என்று நான் நம்பவில்லை. இல்லாததும் உங்களுக்குச் சாதகமான ஒரு குறிப்புதான், எழுதி வையுங்கள். அடுத்து மாவட்ட அளவிலான குழு. பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். ஆணையர் தருவது பரிந்துரை, தீர்ப்பு அல்ல. ஆனால் பள்ளியும் துறையும் மூன்று மாதத்துக்குள் அதன் மேல் நடவடிக்கை எடுத்து, அவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஊதிய உயர்வை நிறுத்தி உத்தரவே வந்துவிட்டால் கணக்கு வேறு. துறையில் மேல்முறையீடா, நேராக உயர் நீதிமன்ற மதுரைக் கிளையா என்பதை உத்தரவைப் படித்த பிறகுதான் சொல்ல முடியும். சட்டத்தை மீறினால் முதல் தடவை பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்ற 89-ஆம் பிரிவை முதல் கடிதத்திலேயே எழுதி மிரட்ட வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கைகள். மாணவர்களின் விடைத்தாளையோ விவரங்களையோ படமெடுத்து, இணையத்தில் ஏற்றி வாசிக்கும் செயலிகளுக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளைகளின் தகவலுக்கு 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிக் கவனம் கேட்கிறது. கைப்பேசிக்குள்ளேயே இயங்கும் வசதியை மட்டும் பயன்படுத்துங்கள். பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு மேலே சொன்ன எந்த அனுமதியும் பொருந்தாது. அங்கே முன்கூட்டித் தனியாக மனு கொடுங்கள். பாடப்புத்தகத்தை ஸ்கேன் செய்து கேட்பது காப்புரிமை மீறலா என்று பயப்பட வேண்டாம். 2012-இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தின் 52(1)(zb) பிரிவு மாற்றுத்திறனாளிகளுக்காக இதை அனுமதிக்கிறது. உங்கள் தேவைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் குழுவில் சுற்றுக்கு விடாதீர்கள்.

தகுதித் தேர்வு பற்றிய கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்ல இங்கே இடமில்லை. ஒன்றிய அரசு 2018-இல் வகுத்த வழிகாட்டுதல்கள் மணிக்கு இருபது நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் பற்றிச் சொல்கின்றன. பின்னர் அவற்றில் மாற்றங்கள் வந்திருக்கின்றன. தேர்வு அறிவிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். விண்ணப்பிக்கும்போதே கேட்க வேண்டும். அதற்கும் சான்றிதழ் கேட்பார்கள்.

நீங்கள் அனுப்பியது மெமோக்களின் மங்கலான செல்போன் படம். தேதியே தெரியவில்லை. இந்தப் பதில் உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து எழுதியது; இதை நம்பி எந்த மனுவிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பணி வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை மதுரையில் நேரில் பாருங்கள். நியமன ஆணை, அதற்கான கல்வித் துறை ஒப்புதல் ஆணை, இரண்டு மெமோக்களின் அசல், உளவியலாளர் அறிக்கை, பணிப்பதிவேட்டின் நகல் ஆகியவற்றோடு போங்கள். கட்டணம் கட்ட முடியாது என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். பெண் என்ற முறையிலேயே இலவச சட்ட உதவிக்கு உங்களுக்குத் தகுதி உண்டு. வருமானச் சான்று கேட்டால் தேவையில்லை என்று சொல்லுங்கள்.