தொடக்கநிலையாளருக்கு எவ்வளவு சொல்வது?

நூல் எழுதுவோர் விலக்க வேண்டிய குற்றங்கள் பத்து என்று நன்னூலார் வகுத்தார். அவற்றுள் முதலிரண்டு குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும். மென்பொருளுக்குக் கையேடு எழுதப் புகுவோர் இவ்விரண்டிற்கும் இடையேதான் வழி காண வேண்டும். அவ்வழியைப் பற்றி நான் எண்ணியவற்றை ஈண்டுக் கூற விரும்புகிறேன்.

2005-இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய 'கிட்' என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். நாம் எழுதும் நிரலில் அவ்வப்போது நிகழும் மாற்றங்களை வரலாறு போலக் காத்து வைப்பது அதன் பணி. அதனைப் பயில வரும் முதலாண்டு மாணவருக்கு எதைச் சொல்வது? எதை விடுவது? நான் மூன்று வினாக்களைக் கேட்பேன்.

முதலாவது: இதனைச் சொல்லாவிட்டால் அடுத்த படி தடைப்படுமா? பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் முன்னரே பதிந்து வைக்காவிடில் 'கமிட்' கட்டளை நின்றுவிடக்கூடும். ஆகவே அதனைச் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டாவது: திரையில் தோன்றி மருட்டுமா? குறிப்புரை தராமல் கமிட் செய்தால், அதனை எழுதுவதற்கென ஒரு மென்பொருள் திறக்கும். பல கணினிகளில் அது 'விம்'. அதிலிருந்து வெளியேறும் வழி அறியாது மாணவர் திகைப்பர். அதற்கு ஒரு வரி போதும்.

மூன்றாவது: உண்மை என்பதற்காக மட்டும் சொல்கிறோமா? ஒவ்வொரு பதிவுக்கும் கிட் இடும் நீண்ட அடையாளக் குறி எவ்வாறு கணிக்கப்படுகிறது என்பது சுவையான செய்தியே. ஆயினும் முதற் பாடத்தில் அது மற்றொன்று விரித்தலாகும், பின்னிணைப்பில் வைப்போம்.

இவ்வழி புதியதன்று. 1978-இல் வெளிவந்த 'சி' மொழி நூலின் முதல் இயலில், கெர்னிகனும் ரிச்சியும் சுட்டிகள் முதலியவற்றை வேண்டுமென்றே விடுத்துச் சிறு நிரல்களை எழுதக் கற்பித்தனர். விதிகளின் தொகுப்பைப் பின்னிணைப்பில் வைத்தனர்.

குறைத்துச் சொல்லலாம், பொய் சொல்லலாகாது. 'கமிட் என்பது கோப்பைச் சேமிப்பதே' என்று எழுதுவது எளிது. ஆனால் கோப்பைச் சேமித்ததுமே வரலாறும் பதிவாகிவிட்டது என நம்பும் மாணவர், பழைய வடிவத்தைத் தேடும் நாளில் அதனைக் காணாது வருந்துவர்.

நண்பர்களே! கையேடு தெளிவற்றிருந்தால் படிப்பவர் அதனைக் குறை கூறுவதில்லை. 'எனக்கு அறிவு போதவில்லை' என்று தம்மையே நொந்து விலகுகிறார். தமிழ்வழிப் பயின்று இங்கு வந்த நம் இளையோர் அவ்வாறு விலகுதல் தகுமா? எழுதி முடித்ததும் அவருள் ஒருவரை அருகில் அமர்த்தி, கையேட்டைப் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறவாதிருங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே ஒரு வரி சேருங்கள். எதனைப் படியாமலே பிழையின்றிச் செய்து முடிக்கிறாரோ அதனை நீக்குங்கள்.